ஐம்பதக்காவின் பதினோரு நிமிடம்

அலுவலகத்தில் அவளுக்கு ஐம்பதக்கா என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அது வயதை வைத்து வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டு, கொஞ்ச நாள் அப்படிக் கூப்பிடவே கூச்சப்படுவார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான். இப்போது ஐம்பத்து நான்கு. ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம் பாக்கி.

பெயருக்குக் காரணம் சுவரில் இருந்தது. அவள் வேலை பார்த்தது மின்சாரக் கட்டுப்பாட்டு அறை. ஜன்னல் இல்லாத பெரிய கூடம். முன்சுவர் முழுக்க மின்பாதைகள் வரைந்த பலகை, அதற்கு நடுவே முழ உயரத்தில் சிவப்பு எண்கள்: 50.00. எந்த நொடியில் எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறதோ அதே நொடியில் அவ்வளவும் செலவாகிவிட வேண்டும். இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தால் எண் ஐம்பதில் நிற்கும். செலவு மிஞ்சினால் கீழே இறங்கும். ரொம்ப இறங்கிவிட்டால் மின் நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும், அப்புறம் ஊர் முழுக்க இருட்டு. அந்த எண்ணை இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். சாப்பிடும்போதும் அவள் கண் அதிலேயே இருக்கும். வெளியாட்களோடு நின்று பேசும்போதுகூட எதிரில் இருப்பவரின் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டு பேசுகிறாள் என்று, பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் கிண்டல் செய்வார்.

பதினான்கு வருஷம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஆமை என்று பெயர். எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டார். தொலைபேசியில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதை அப்படியே இரண்டு தடவை திருப்பிச் சொல்லி, “சரியா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவார். அவளைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் அறையில் எல்லாரும் அக்கா என்பதால் அவரும் அக்கா என்றே கூப்பிட்டார். அவளுக்கு அவர் அண்ணா. வெளியாட்கள் கேட்டால் குழம்பிப்போவார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பிற்பகலில் அந்த இருட்டு வந்தது. எண் சரிந்துகொண்டிருந்தது. நாலு பகுதிகளுக்கு மின்சாரத்தை உடனே நிறுத்தியிருந்தால் மற்ற இடங்கள் பிழைத்திருக்கும். ஆனால் மேலதிகாரியைக் கேட்காமல் எந்தப் பகுதியையும் நிறுத்தக்கூடாது என்று அந்த வாரம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. அன்றைய ஷிப்டுக்குப் பொறுப்பு அவள். “நிறுத்திடலாம்க்கா,” என்றார் ஆமை. அவர் வாயிலிருந்தே அப்படி ஒரு வார்த்தை வந்தது. “ஒரே நிமிஷம்ண்ணா, இதோ எடுத்துடுவாரு,” என்று அவள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டரை நிமிடம் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. பலகையில் விளக்குகள் வரிசையாக அணைந்தன.

மறுபடி எல்லா இடத்துக்கும் மின்சாரம் போய்ச் சேரப் பத்தொன்பது மணி நேரம் ஆனது. விசாரணை அறிக்கை நாற்பது பக்கம். அதில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி: பணியிலிருந்தவர் முடிவெடுக்கத் தாமதித்தார். தண்டனை ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரி அவளுக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு நாத்தனார் ஒருத்தி. அன்றைக்கு ஜவுளிக்கடை லிஃப்டில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டவள். அதற்கப்புறம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடமெல்லாம், “எங்க தம்பி பொண்டாட்டிதான் என்னை உள்ள வெச்சுப் பூட்டினா,” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஐம்பதக்காவும் கூடவே சிரிப்பாள். சமையலறைக்குப் போனதும் சிரிப்பு நின்றுவிடும்.

அந்தப் பெரிய கம்பெனி ஊருக்குள் வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். உலகம் முழுக்க ஜனங்கள் எதைத் தேடினாலும், எதைப் பார்த்தாலும், எதை வாங்கினாலும் அந்தக் கம்பெனி வழியாகத்தான். ஊருக்கு வெளியே ஆறு கட்டடங்களில் கணினிகளை அடுக்கி ஒரு டேட்டா சென்டர் கட்டினார்கள். அது ஒரு நடுத்தர நகரம் சாப்பிடும் மின்சாரத்தைத் தனியாகச் சாப்பிட்டது. அதுவரைக்கும் சரி, பெரிய வாடிக்கையாளர் என்று விட்டுவிடலாம். அடுத்த வருஷம் அவர்களே மேட்டு நிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சூரியத் தகடு பதித்தார்கள். பக்கத்தில் லாரிப் பெட்டிகளைப் போலப் பேட்டரிகளை நிறுத்தினார்கள். அப்புறம் மின்சாரம் விற்கவும் உரிமம் வாங்கிவிட்டார்கள். ஃபோனில் ஒரு ஆப்பைத் தட்டினால் போதும், வீட்டு மின்சாரம் இனிமேல் அவர்களிடமிருந்து. முதலில் சேர்ந்தவள் நாத்தனார்.

“பாட்டு கேக்க வெச்சவங்க, படம் பாக்க வெச்சவங்க, இப்ப கரண்டும் விக்கிறாங்களாம். நாளைக்குத் தண்ணியும் காத்தும் விப்பாங்க,” என்றாள் ஐம்பதக்கா.

“காத்து ஏற்கெனவே விக்கிறாங்க. டயருக்கு அடிச்சா காசு கேக்கறான்,” என்றார் கணவர்.

கம்பெனியின் புரோகிராம் ஒன்று கட்டுப்பாட்டு அறைக்கும் வந்தது. எந்த மேகம் எத்தனை மணிக்கு எந்தத் தகட்டின் மேல் வரும் என்று சொல்லும். முதல் மாதம் அவள் அதோடு போட்டி போட்டாள். வேலைக்கு வரும் வழியில் வானத்தைப் பார்த்து, தன் கணிப்பைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். இருபத்தைந்து நாளில் இருபது நாள் அதுதான் ஜெயித்தது. சீட்டு எழுதுவதை விட்டுவிட்டாள். இன்னும் கொஞ்ச நாளில் இந்த அறையே அந்தப் புரோகிராமிடம் போய்விடும், நாற்காலிகளுக்கு வேலை இருக்காது என்று மாடிப்படியில் பேச்சு ஓடியது.

இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிசில்லை. ஆமை ஒருநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு அந்தக் கம்பெனியில் போய்ச் சேர்ந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சூரியத் தகடு, பேட்டரி, டேட்டா சென்டர் மூன்றுக்கும் சேர்த்து அங்கே ஒரு மின்சார அறை இருந்தது. அதற்கு அவர் பொறுப்பாளர். போகப்போவதை அவளிடம் முந்தின நாள்வரை சொல்லவில்லை. “சொன்னா நீங்க போக விடமாட்டீங்கன்னுதான்,” என்றார். அதிலிருந்து வேலை விஷயமாக அவர் பேசும்போதெல்லாம் அவரை சார் என்று அழைத்தாள். “சொல்லுங்க சார்.” “குறிச்சுக்கிட்டேன் சார்.” இரண்டு வருஷம் அந்த ஒரு சொல்லாலேயே அவரைத் தள்ளி நிறுத்தியிருந்தாள். அவர் மட்டும் விடாமல் அக்கா என்றுகொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

மூன்று நாற்பதுக்கு மேட்டு நிலத்தை மேகம் மூடும் என்று புரோகிராம் காலையிலேயே சொல்லியிருந்தது. அதை நம்பி அவளும் ஒரு நிலக்கரி நிலையத்தைத் தயார் நிலையில் வைத்திருந்தாள். சொன்ன நேரத்துக்கு மேகம் வந்தது. சூரிய மின்சாரம் சரிந்தது. நிலக்கரி மின்சாரம் ஏறியது. எண் 49.95-இல் நின்றது. எல்லாம் எழுதி வைத்தது மாதிரி நடந்துகொண்டிருந்தது. மூன்று நாற்பத்தாறுக்கு அந்த நிலக்கரி நிலையத்தில் கொதிகலன் குழாய் ஒன்று வெடித்தது. எந்தப் புரோகிராமுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. நிலையம் மொத்தமாகக் கழன்றது.

எண் 49.4-க்கு விழுந்தது. சில பகுதிகளில் மின்சாரம் தானாகவே நின்றது. அதற்கென்றே வைத்திருக்கும் கருவிகள் தங்கள் வேலையைச் செய்தன. ஆனாலும் எண் நிற்கவில்லை. மேகம் இன்னும் பரவிக்கொண்டிருந்தது. 49.3. மூன்று நாற்பத்தெட்டுக்கு அவள் மலை மேலிருக்கும் நீர்மின் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். எழுப்பிவிடுகிறோம், ஆனால் தண்ணீர் இறங்கிச் சக்கரம் சுற்ற முழுசாகப் பதினோரு நிமிடம் ஆகும் என்றார்கள். 49.2. இனிமேல் கையால் நிறுத்த வேண்டிய பட்டியலில் முதலில் இருந்தவை குடிநீர் ஏற்றும் நிலையமும் மின்சார ரயில் பாதையும். மாலை ரயில்கள் ஜனங்களோடு பாலத்தின் மேலும் சுரங்கத்துக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்.

அவள் கம்பெனியின் மின்சார அறை எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே ஆமை எடுத்துவிட்டார்.

“அண்ணா, நிலக்கரி யூனிட் போயிடுச்சு. நாப்பத்தொம்பது புள்ளி ரெண்டு. மலை மேல இருக்கற நிலையம் எழுந்திருக்கப் பதினோரு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் எனக்கு நூத்தி எழுபது மெகாவாட் வேணும்.”

அண்ணா என்று வாயில் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

“நூத்தி எழுபது. பதினோரு நிமிஷம்,” என்றார் ஆமை. “நூத்தி எழுபது, பதினோரு நிமிஷம். சரியா?”

“சரி.”

“பேட்டரில அறுபது இருக்கு. சாயங்காலம் விலை ஏறும்போது விக்கிறதுக்காகப் புரோகிராம் அதைப் பிடிச்சு வெச்சிருக்கு, இப்ப விடாது. நான்தான் கையால மாத்தணும். மிச்சம் நூத்திப் பத்துக்கு டேட்டா சென்டரையே உங்க லைன்லேர்ந்து கழட்டணும். எங்க ஜெனரேட்டர் பாதியைத்தான் தாங்கும். மீதி மெஷினெல்லாம் நின்னுடும்.”

“முடியுமாண்ணா?”

“கழட்டணும்னா தலைமை அலுவலகத்துல அனுமதி வாங்கணும்.”

பலகையில் 49.15. தொலைபேசியில் அவர் மூச்சு விடுவது கேட்டது. இரண்டு பேரும் ஒரே பிற்பகலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“கேட்டுக்கிட்டு நின்னா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா,” என்றார். “லைன்லயே இருங்கக்கா.”

விசைப்பலகையைத் தட்டும் சத்தம். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. அவசரப்படுங்கள் என்று கத்தவேண்டும்போல இருந்தது அவளுக்கு, உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்தது. எண் 49.3-க்கு ஏறியது. அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அடுத்த நிமிடமே மேகம் இன்னொரு தகட்டு வரிசையை மூடியது. மறுபடியும் சரிவு. 49.2. 49.1. நாற்பத்தொன்பதைத் தொட்டால் ரயிலைப் பற்றி யோசிக்கவே நேரமிருக்காது. அவள் வலது கை ரயில் பாதையின் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

“முதல் கட்டடம் கழண்டுடுச்சு,” என்றார் ஆமை. “ரெண்டாவது. மூணாவதுல ஜெனரேட்டர் எடுக்கலை, பரவாயில்லை, நிக்கட்டும். நாலு. அஞ்சு.”

49.06. அங்கேயே நின்றது. அப்புறம் 49.07. கண் ஏமாற்றுகிறதோ என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தாள். அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 49.2. 49.4. ஆறாவது கட்டடமும் கழன்றபோது 49.6. பொத்தானுக்கு மேலே நின்ற கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு மலை மேலிருந்து தண்ணீர் மின்சாரம் வந்து சேர்ந்தது. சொன்னது சொன்னபடி பதினோரு நிமிடம். ரயில்கள் எதுவும் நிற்கவில்லை. தானாக நின்ற பகுதிகளுக்கும் ஐந்து மணிக்குள் மின்சாரம் திரும்பிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

“தேங்க்ஸ்ண்ணா,” என்றாள்.

“வைக்கிறேன்க்கா. இங்க எல்லா ஃபோனும் ஒரே நேரத்துல அடிக்குது.”

மறுநாள் அந்த எண்ணை அழைத்தபோது வேறு ஒரு பெண் எடுத்தாள். “அவர் லீவுல இருக்கார் மேடம்,” என்றாள். அந்தக் குரலிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சாயங்காலம் ஆமையின் வீட்டுக்கு ஃபோன் போட்டாள். அவர் மனைவி எடுத்தாள்.

“ரெண்டு வருஷமா இந்த நம்பர் தொலைஞ்சு போச்சா?”

“தொலையலை அண்ணி. திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க. அண்ணாவுக்கு என்ன ஆச்சு?”

“அடையாள அட்டையை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. மெஷின்ல பல நாளா ஓடிக்கிட்டிருந்த கணக்கெல்லாம் பாதியில போச்சாம். ஆயிரக்கணக்குல மெஷினை யாரைக் கேட்டு நிறுத்தினீங்கன்னு விசாரணை. இவரு என்னடான்னா பால்கனியில உக்காந்து செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்காரு. செடி அழுகிடும் போலிருக்கு.”

அடுத்த எட்டு நாள் ஐம்பதக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் மேலதிகாரியிடம் போய், கம்பெனி விசாரணையில் தானும் பேச வேண்டும் என்றாள். அது அவங்க வீட்டு விவகாரம், நாம ஏன் தலையிடணும் என்றார் அவர்.

“நான் கேட்டுத்தான் அவர் செஞ்சாரு. தப்புன்னா அதுல பாதி என்னோடது. நீங்க அனுப்பலைன்னா நான் லீவு போட்டுட்டுப் போறேன்.”

அவர் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதிக்கொடுத்தார்.

விசாரணை கம்பெனி அலுவலகத்தில் காலை ஒன்பது மணிக்கு. கண்ணாடிச் சுவர் வைத்த அறை, நீள மேஜை, சுவரில் பெரிய திரை. திரையில் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணிதான் பெரியவர் என்று மற்ற இரண்டு பேர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மேஜையின் மறுகோடியில் ஆமை, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கன்னத்தில் சவரக் கீறலோடு. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப்போய், பிறகு எழுந்திருக்கலாமா என்று தெரியாமல் பாதியில் உட்கார்ந்தார்.

கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசிப் பதிவை ஓடவிட்டார்கள். தன் குரலையே கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவு படபடப்பாகவா பேசினோம்?

“அனுமதி வாங்காமல் செய்யும்படி நீங்கள் அவரை வற்புறுத்தினீர்களா?” என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

“வற்புறுத்தலைங்க. ஆனா வாங்கிட்டுச் செய்யுங்கன்னும் சொல்லலை.” தண்ணீர் குடித்துவிட்டு அவள் தொடர்ந்தாள். “ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி நான் அனுமதி கேட்டுக்கிட்டு நின்னேன். ரெண்டரை நிமிஷம். பத்தொம்பது மணி நேரம் ஊர் இருட்டுல கெடந்துச்சு. அன்னிக்கு எனக்குப் பக்கத்துல இருந்தவர் இவர்தான். நிறுத்திடலாம்னு அன்னிக்கே சொன்னார். நான்தான் கேக்கலை.”

இதை அவள் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட, கடைசி இரண்டு வாக்கியத்தையும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருந்தாள். சொல்லி முடித்ததும் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. திரையில் ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

“இவர் அன்று மறுத்திருந்தால் எங்களுக்கு என்ன ஆகியிருக்கும்?”

“உங்க கட்டடமும் இருட்டுலதான் இருந்திருக்கும்மா. திரும்பக் குடுக்கும்போது ஆஸ்பத்திரி, தண்ணி, ரயில், வீடுன்னு வரிசை இருக்கு. உங்க மெஷினுக்குக் கடைசிலதான் வரும். இப்ப ஒரு மணி நேரத்துல திரும்ப வந்துடுச்சு. மறுத்திருந்தா ஒரு நாளாவது ஆகியிருக்கும்.”

பெண்மணி பக்கத்திலிருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையசைத்தார். எங்கள் கணக்கும் அப்படித்தான் வருகிறது என்றார்.

முடிவை அங்கேயே சொல்லவில்லை. வெளியே வந்ததும் படிக்கட்டில் ஆமை அவள் பின்னால் வந்தார். “நான் முன்னாடியே சொல்லிட்டுப் போயிருக்கணும்க்கா,” என்றார். “ஆமா, போயிருக்கணும்,” என்றாள் அவள். “அண்ணி சொன்னாங்க, செடியைப் பாத்துக்குங்க.” இரண்டு வருஷக் கோபம் அந்தப் படிக்கட்டோடு முடிந்தது.

நான்கு நாள் கழித்து அவள் காலை ஷிப்டில் இருந்தபோது மேலதிகாரி ஒரு தாளோடு வந்தார். ஆமைக்கு அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது. அது மட்டுமில்லை. இனிமேல் ஆபத்து நேரத்தில் கட்டுப்பாட்டு அறை ஒரு வார்த்தை சொன்னால் போதும், கம்பெனி யாரையும் கேட்காமல் மின்சாரத்தை விட்டுக்கொடுக்கும்; பேட்டரியில் ஒரு பங்கை அதற்கென்று எப்போதும் விற்காமல் வைத்திருக்கும்; அந்த வார்த்தையைச் சொல்ல இந்த அறையில் எந்நேரமும் ஆள் இருக்கவேண்டும் என்று அவர்களே எழுத்தில் கேட்டிருந்தார்கள். மாடிப்படிப் பேச்சு அன்றோடு அடங்கியது. அவள் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. வெளியே வெயிலில் கண் கூசியது. பேருந்து நிறுத்தம்வரை நடந்தவள், நின்று, கணவருக்கு ஃபோன் செய்தாள்.

“வேன்ல இடம் இருக்குமா?”

“பள்ளிக்கூடம் விடற நேரம்மா. இரைச்சலா இருக்குமே.”

“பரவாயில்லை. வாங்க.”

அவளைக் கடைசி இருக்கையில், புத்தகப் பைகளுக்கு நடுவே உட்கார வைத்தார். பதினாறு பிள்ளைகள். ஒன்று பாடியது, ஒன்று அழுதது, இரண்டு பேர் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குச் சண்டை போட்டார்கள். அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். இரண்டாவது திருப்பத்துக்குள் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இதைப் பார்த்த ஒரு சிறுமி உதட்டில் விரல் வைத்து மற்றவர்களை அடக்கினாள். கொஞ்ச தூரம் எல்லாரும் கிசுகிசுவென்றே பேசிக்கொண்டு போனார்கள்.

கடைசிப் பிள்ளையையும் வீட்டில் இறக்கிவிட்டுக் கணவர் கண்ணாடியில் பார்த்தார். எழுப்ப மனசு வரவில்லை. ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, அன்றைய செய்தித்தாளைச் சத்தம் வராமல் பிரித்தார்.